கோட்டில் உட்கார்ந்த தட்டான்பூச்சி

துப்பறியும் நிறுவனம் என்று பலகையில் எழுதியிருந்ததே தவிர, அங்கே இருந்தது மொத்தம் இரண்டு பேர். ஒருத்தி சித்தி. இன்னொருவன் அவளுடைய அக்கா மகன். முப்பது வயதாகியும் அவனை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிட்டார்கள். மூன்று வேலைகளில் இருந்து வாய்த் துடுக்கால் வெளியே வந்தவன். கடைசியில் அவன் அம்மா, "எவன்கிட்டயோ அடி வாங்கறதுக்கு உன்கிட்டயே வாங்கட்டும்" என்று தங்கையின் தலையில் கட்டிவிட்டாள்.

கீழே சலவைக் கடை. இஸ்திரி ஆவி தரை வழியாக மேலே ஏறி, குளிர்காலத்திலும் அலுவலகத்தில் வேர்க்கும். அன்று வந்து உட்கார்ந்தவருக்கு ஆவி இல்லாமலே வேர்த்தது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிற மனிதர் தன் கண்ணாடியை நாலு தடவை துடைத்தும் தெளிவாகப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

"திருட்டா, தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டாள் சித்தி.

"அது தெரியாமத்தான் மேடம் வந்திருக்கேன். திருட்டுன்னா என் பொண்டாட்டி வேலை போயிடும். தொலைஞ்சு போச்சுன்னா எங்கம்மா உயிர் போயிடும்."

"உங்களுக்கு என்ன சார் போகும்?" என்றான் வாலு.

"எனக்குப் போறதுக்கு என்ன தம்பி இருக்கு?"

மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்பதை வாலு கேள்விப்பட்டிருந்தான். மத்தளமே நேரில் வந்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

விஷயம் இதுதான். கண்ணாடிக்காரரின் அம்மாவுக்குப் பழைய காலத்து ப்ரோச், அதாவது உடையில் ஊசியால் குத்திக்கொள்கிற நகை, சேர்ப்பது பைத்தியம். அதிலும் பூ, இலை, மயில் எல்லாம் பிடிக்காது. பூச்சிதான் வேண்டும். வண்டு, தேனீ, சிலந்தி, வெட்டுக்கிளி. அதனால் அவளுக்குப் பூச்சியம்மா என்று பெயர். அந்தப் பூச்சிக் கூட்டத்துக்கே ராணி ஒரு தட்டான்பூச்சி. நூறு வருஷத்துக்கு முந்தியது. நாலு இறக்கையும் உள்ளே மெல்லிய சுருள் கம்பியில் நிற்கும். போட்டிருக்கிறவள் மூச்சு விட்டால்கூட இறக்கை நடுங்கும்.

ப்ரோச் சேர்க்கிறவர்களுக்கு ஒரு கிளப் இருந்தது. வைத்திருப்பது முக்கியமில்லை, போட்டுக்கொண்டு வரவேண்டும் என்பது அதன் சட்டம். நேற்று அங்கே பூச்சியம்மாவின் சொற்பொழிவு. கோட்டில் தட்டானைக் குத்திக்கொண்டு மேடையேறினாள். பேசி முடித்ததும் வேர்க்கிறது என்று கோட்டைக் கழற்றி மருமகள் கையில் கொடுத்தாள். மருமகள் அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஓய்வறையில் நாற்காலியில் மாட்டினாள். சாப்பாட்டுக்குப் பிறகு, பூதக்கண்ணாடியோடு வந்திருந்த ஒரு நிபுணர் எல்லோருடைய ப்ரோச்சையும் பரிசோதிப்பதாக ஏற்பாடு. பூச்சியம்மாவின் முறை வந்தது. கோட்டு வந்தது. தட்டான் வரவில்லை.

"கோட்டை யார் தூக்கிட்டுப் போனதுன்னு செயலாளரம்மா கேட்டாங்க மேடம். எல்லாரும் என் பொண்டாட்டியைப் பார்த்தாங்க. இன்னிக்கு சாயங்காலம் கிளப் கூடுது. அதுக்குள்ள கிடைக்கலைன்னா அவ பேரைப் போட்டு போலீஸ்ல புகார் கொடுப்பாங்களாம். அவ பள்ளிக்கூடத்துல நீச்சல் சொல்லித்தர்றா. போலீஸ் கேஸ் உள்ளவகிட்ட யார் பிள்ளையை அனுப்புவாங்க?"

"அம்மா என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. அதான் மேடம் பயமா இருக்கு. எங்கம்மா சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை."

சித்தி கை நீட்டினாள். கிளப்பில் யாரோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருந்த வீடியோ கண்ணாடிக்காரரின் போனில் இருந்தது. பூச்சியம்மா கம்பீரமாக மேடையேறுகிறாள், கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள், முடித்ததும் செயலாளர் ஓடிவந்து மாலைக்குப் பதிலாகத் தன்னையே போட்டமாதிரி அவளைக் கட்டிக்கொள்கிறாள். பூச்சியம்மாவும் விடவில்லை. நெஞ்சோடு நெஞ்சாக இறுக்கி, முதுகில் நாலு தட்டு தட்டினாள்.

"தேர்தல் கூட்டணி மாதிரி இருக்கு சித்தி. அடுத்த வாரமே பிச்சுக்கும்."

"வாயை மூடிட்டு செருப்பை மாட்டு" என்றாள் சித்தி. வீடியோவை அவள் இன்னொரு தடவை பார்த்தாள்.

* * *

கண்ணாடிக்காரர் வீடு நாலாவது மாடியில். லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறியது. கதவைத் திறந்த பூச்சியம்மாவுக்கு எழுபதை ஒட்டி வயசு, குட்டையான, பருத்த உருவம், தோளில் எனாமல் வண்டு ஒன்று பச்சையாக உட்கார்ந்திருந்தது. மகனைப் பார்த்ததும் முகம் கோணியது. கலங்கிப் போயிருந்த கண்ணாடிக்காரர், "அம்மா, கவலைப்படாதே" என்று அவளை அணைத்துக்கொள்ளப் போனார்.

"எட்டி நில்லுடா!" அவள் ஒரு கையை முன்னால் நீட்டித் தடுத்தாள். "மேல வண்டு இருக்குன்னு தெரியலை?"

கண்ணாடிக்காரர் பழகியவர் போல நின்றுகொண்டார்.

"ஏம்மா, கடிக்குமா?" என்றான் வாலு.

"கடிக்காது. வளைஞ்சுடும். ப்ரோச் போட்டவங்களைக் கட்டிக்கக் கூடாது. எங்க கிளப்ல யாரைப் பார்த்தாலும் இடுப்புக்கு மேல வில்லு மாதிரி வளைஞ்சு, கன்னத்தை மட்டும்தான் நீட்டுவோம். இவன் பள்ளிக்கூடத்துல அடி வாங்கிட்டு அழுதுட்டு ஓடி வந்தப்பகூட, கழட்டி வெச்சிட்டுத்தான் தூக்கினேன்."

"அதுக்குள்ள அழுகையை நிறுத்தியிருப்பாரே."

"நிறுத்திட்டான். நல்லதுதானே?"

பூச்சியம்மாவின் அறைக்குள் போனபோது வாலுவுக்கு உடம்பெல்லாம் அரித்தது. சுவரெங்கும் வெல்வெட் மெத்தைகள், ஒவ்வொரு மெத்தையிலும் வரிசையாகப் பூச்சிகள். ப்ரோச்சைப் பற்றிக் கேட்டதும் பூச்சியம்மாவுக்குத் துக்கம் மறந்துபோயிற்று. மெல்லிய துணியில் கனமான ப்ரோச்சைக் குத்தினால் தலை குப்புறத் தொங்கும், பின்னால் கம்பளித் துண்டு வைத்துக் குத்தவேண்டும். பழைய காலத்துக் கொக்கியில் பூட்டு கிடையாது, ஊசி கொக்கியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்துப் போடவேண்டும். வண்டு தோளில் ஏறுகிற மாதிரி போடவேண்டும், இறங்குகிற மாதிரி போட்டால் தரித்திரம். மூச்சு விடாமல் சொன்னாள்.

"நகல் போட்டா?" என்று கேட்டாள் சித்தி, ஒரு சிலந்தியைப் பார்த்துக்கொண்டே.

பூச்சியம்மாவின் பேச்சு பட்டென்று நின்றது. "எங்க கிளப்ல கொலைகாரிக்குக்கூட டீ கொடுப்பாங்க. நகல் போட்டவளுக்குத் தண்ணி கொடுக்க மாட்டாங்க."

"நேத்து கோட்டைக் கழட்டிக் கொடுத்தப்புறம் நீங்க அதுகிட்ட போனீங்களா?"

"போகலை. ஆமா, போனேன். கைக்குட்டை எடுக்க. அப்ப தட்டான் இருந்துச்சா இல்லையான்னு பார்க்கலை."

தட்டான் இருந்ததா என்று பார்க்காத பூச்சியம்மாவை வாலுவால் கற்பனை செய்ய முடியவில்லை. சித்தி மருமகளின் அறையைக் காட்டச் சொன்னாள்.

* * *

மருமகள் உயரமான பெண். நீச்சல் குளத்தில் இருந்து நேராக வந்திருக்கவேண்டும், தலைமுடியில் குளோரின் வாசனை. காதில், கழுத்தில், கையில் ஒன்றுமே இல்லை. வந்தவர்களைப் பார்த்ததும் அலமாரிக் கதவுகள் இரண்டையும் அகலத் திறந்துவிட்டு, கட்டிலில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பார்த்துக்கோங்க. நான் வாயால சொல்லி ஒருத்தரும் நம்பலை."

"நாங்க வந்து அஞ்சு நிமிஷம்தானே ஆகுது. நம்ப டைம் குடுங்க" என்றான் வாலு.

"என் வீட்டுக்காரருக்கு நாலு வருஷம் டைம் குடுத்தேன்" என்றாள் அவள். கண்ணாடிக்காரர் கண்ணாடியைத் துடைத்தார்.

அலமாரியில் நீச்சல் உடைகள், விசில்கள், துண்டுகள். கடைசியில் பழுப்பு நிறத்தில் ஒரு கம்பளிக் கோட்டு, நாலு பேர் உள்ளே நிற்கலாம் போல, பாச்சை உருண்டை வாசனையோடு தொங்கியது.

"இது யாரோட கூடாரம்?"

"அத்தை குடுத்தது. ரெண்டு குளிர்காலம் ஆச்சு. பழசானதும் எனக்குத் தள்ளிவிட்டாங்க. அதை நான் போட்டா அலமாரி நடந்து வர்ற மாதிரி இருக்கும். மாட்டினதோட சரி, தொடலை."

வாலு அதை வெளியே இழுத்தான். காலர் மடிப்பைப் பிடித்தவன் "ஐயோ!" என்று கத்திக்கொண்டு விரலை வாயில் வைத்தான். மடிப்பைப் புரட்டினான். அடிப்பக்கம், வெளியே யாருக்கும் தெரியாத இடத்தில், நாலு இறக்கையோடு ஒரு தட்டான்பூச்சி உட்கார்ந்திருந்தது.

அறையில் யாரும் அசையவில்லை. தட்டானின் இறக்கைகள் மட்டும் நடுங்கின.

மருமகள் மெதுவாக எழுந்தாள். "நான் எடுக்கலை" என்றாள். முதலில் சத்தமாக, அப்புறம் சத்தமே இல்லாமல் இன்னொரு தடவை. கண்ணாடிக்காரர் சுவரில் சாய்ந்தார். வாலுவுக்கு விரலைவிட நெஞ்சு வலித்தது. அவளை அவனுக்குப் பிடித்திருந்தது. பிடித்தவர்கள் கையும் களவுமாக மாட்டுவதைப் பார்க்கிற தொழில் என்னடா தொழில் என்று தோன்றியது.

சித்தி தட்டானைப் பார்க்கவே இல்லை. பூச்சியம்மாவின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"என்னம்மா, உயிருக்கு உயிரான பொருள் கிடைச்சிருக்கு. சந்தோஷத்துல குதிப்பீங்கன்னு பார்த்தா, பேயைப் பார்த்த மாதிரி நிக்கறீங்க?"

பூச்சியம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், அந்த வீடியோவைப் போடு" என்றாள் சித்தி. "எல்லாரும் பாருங்க. அம்மா மேடையில கையை ஆட்டி ஆட்டிப் பேசறாங்க. தட்டான் இறக்கை ஆடுதா? கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கு. இங்க பாருங்க, நான் பேசற காத்துக்கே இது துடிக்குது."

"சித்தி, அப்ப அது..."

"இரு. இப்ப உன் தேர்தல் கூட்டணியைப் பாரு. செயலாளர் வந்து கட்டிக்கறா. அம்மாவும் இறுக்கிக் கட்டிக்கிட்டு முதுகுல தட்டறாங்க. பெத்த பிள்ளை அழுதுட்டு வந்தாலே எட்டி நில்லுன்னு சொல்றவங்க. சாதாரண வண்டுக்கே அந்தக் காவல். சுருள் கம்பியில நிக்கற நூறு வருஷத்துத் தட்டானை யாரோ ஒருத்தி மார்ல வெச்சு நசுக்க விடுவாங்களா? நசுங்கினாலும் நஷ்டமில்லைன்னு தெரிஞ்சவங்கதான் அப்படிக் கட்டிப்பாங்க."

வாலு வாயைப் பிளந்தான். இரண்டு தடவை பார்த்த வீடியோ. அதில் அவன் கண்டுபிடித்தது ஒரு அரசியல் ஜோக் மட்டும்.

"நேத்து நீங்க போட்டிருந்தது நகல். உண்டா இல்லையா?"

பூச்சியம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். அந்தப் பருத்த உருவம் பாதியாகிவிட்டது.

"உண்டு" என்றாள்.

"அப்ப அசலை இவ எடுத்து..." என்று கண்ணாடிக்காரர் ஆரம்பித்தார்.

"உங்க கண்ணாடிக்கு நம்பர் மாத்தணும் சார்" என்றாள் சித்தி. "கிட்ட வந்து பாருங்க." அவள் தட்டானை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. ஊசி துருப்பிடித்து, கம்பளியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்ததும், துணியில் தட்டானின் உடம்பும் வாலும் அச்சடித்த மாதிரி பச்சைக் கறை. "பித்தளை களிம்பு ஏறி இறங்கினது. நேத்து மத்தியானம் குத்தினது இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள இப்படித் துணியில ஊறுமா? ரெண்டு குளிர்காலமா இது இங்கேதான் தூங்குது. இந்தக் கோட்டைக் குடுத்தது யாரும்மா?"

"நான்தான்."

"மடிப்புக்கு அடியில குத்தினது?"

பூச்சியம்மா அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெளியூர் கண்காட்சிக்குப் போறப்ப, முன்னாடி போட்டா எவனாவது பிச்சுக்குவான், பெட்டியில வெச்சா பெட்டியோட போயிடும்னு, அடியில குத்திப்போம். எங்க ஆளுங்க எல்லாரும் செய்யறதுதான். வந்து பெட்டியைப் பிரிச்சா தட்டானைக் காணோம். பெட்டியில வெச்சதாவே ஒரு நினைப்பு. ரயில்லயே போயிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். ஊரெல்லாம் தேடினேன். கோட்டை..." அவள் மருமகளைப் பார்க்காமல் சொன்னாள், "அப்பவே இவகிட்ட தள்ளிட்டேன்."

வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்கள். பூச்சியம்மா வெண்ணெயை மருமகளுக்குத் தானம் கொடுத்துவிட்டு அலைந்திருக்கிறாள்.

"அப்புறம் போட்டோவைக் காட்டி நகல் பண்ணிக்கிட்டீங்க. நேத்து நிபுணர் வருவார்னு தெரியாது."

"மேடை ஏறினப்புறம்தான் சொன்னாங்க. சாப்பாட்டு நேரத்துல போய்க் கழட்டி, கழிப்பறையில போட்டு ஃப்ளஷ் பண்ணிட்டேன். முதல் தடவை போகலை. மிதந்துச்சு."

"மிதந்துச்சா?" வாலுவுக்கு அடக்க முடியவில்லை.

"நகல்தானே, கனமே இல்லை. மூணு தடவை இழுத்தேன். என்னைப் பார்த்துக்கிட்டே சுத்துச்சு."

"ஏன் அத்தை, என் பேரை இழுத்து விட்டீங்க?" மருமகள் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை.

"உன் பேரை நான் சொல்லலை."

"நான் இல்லைன்னும் நீங்க சொல்லலை."

பூச்சியம்மா நிமிர்ந்தாள். "சொல்லலை. அவ்வளவு பேர் நடுவுல மானம் போயிடும்னு, உன் மானத்தைப் போக விட்டுட்டேன். மன்னிப்பு கேட்கக்கூட எனக்கு வாய் கிடையாது. இன்னிக்குச் சாயங்காலம் அதே மேடையில ஏறிச் சொல்றேன். நிபுணரையும் கூட்டி வெச்சே சொல்றேன்."

கேஸ் முடிந்தது. தட்டானும் கிடைத்தது, திருடியும் கிடைத்தாள், மருமகளின் வேலைக்கும் பங்கமில்லை. வாலு மனசுக்குள் தட்டிக்கொடுத்துக்கொண்டான். அப்போதுதான் கண்ணாடிக்காரருக்கு உயிர் வந்தது. முகமெல்லாம் பல்லாக மனைவியிடம் வந்தார். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்னதில்லை.

"எனக்கு அப்பவே தெரியும், நீ எடுத்திருக்க மாட்டேன்னு! காலையில நீ குளத்துக்குப் போனதுமே இந்த அலமாரி பூரா துழாவிப் பார்த்துட்டேனே. உன் பை, ஷூ, துண்டு மடிப்புகூட விடலை. ஒண்ணுமே இல்லை. அப்புறம்தான் நம்பிக்கையா மேடத்துகிட்ட போனேன்!"

சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். வாலுவுக்கு ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தலாம் போல இருந்தது. காலம் கடந்துவிட்டது.

"துழாவிப் பார்த்தீங்களா?" என்றாள் மருமகள்.

"சந்தேகப்பட்டு இல்லை. உனக்காகத்தான். இல்லைன்னு உறுதி பண்ணிக்க..."

"ஷூவுக்குள்ள என்னங்க தேடினீங்க? என் நல்ல பேரையா?"

அவர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். பிறந்ததில் இருந்து இக்கட்டான நேரத்தில் எல்லாம் பார்த்த பக்கம்.

"என்னைப் பார்க்காதேடா" என்றாள் பூச்சியம்மா. "நான் இந்த வீட்டுத் திருடி. என் சாட்சி செல்லாது. அவ கேட்கறா இல்ல, பதில் சொல்லு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சித்தி தட்டானைப் பூச்சியம்மாவிடம் நீட்டினாள். பூச்சியம்மா வாங்கவில்லை. "கோட்டோட குடுத்தது. குடுத்தது குடுத்ததுதான்" என்று மருமகளின் பக்கம் கையைக் காட்டினாள். மருமகள் தட்டானை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தக் கூடாரத்தை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, தட்டானை வெளிப்பக்கம், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் குத்தினாள். கோணலாகத்தான் குத்தினாள். பூச்சியம்மாவின் விரல்கள் திருத்தத் துடித்தன. திருத்தவில்லை.

"வாங்க அத்தை. கிளப்புக்கு நேரமாச்சு."

இருவரும் வெளியே போனார்கள். லிஃப்ட் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"மேடம், இப்ப நான் என்ன பண்ணணும்?" என்றார் கண்ணாடிக்காரர்.

"காணாமப் போன பொருளைத்தான் சார் நாங்க கண்டுபிடிப்போம்" என்றாள் சித்தி. "நீங்களே தொலைச்சதை நீங்கதான் தேடிக்கணும்."

அவர் அழுதுவிடுவார் போல இருந்தது. வாலுவுக்கு மனசு கேட்கவில்லை. "படியில ஓடுங்க சார். அந்த லிஃப்ட் இறங்கறதுக்குள்ள ஒரு பிள்ளை பெத்துக்கலாம்" என்றான்.

கண்ணாடிக்காரர் ஓடினார், ஒற்றைச் செருப்போடு. வாலு ஜன்னலில் எட்டிப் பார்த்தான். கீழே தெருவில், அலமாரி அளவுக் கோட்டுக்குள் மருமகள் வேகமாக நடந்துகொண்டிருந்தாள், பக்கத்தில் ஓட்டமும் நடையுமாக மாமியார். பின்னால் போய்ச் சேர்ந்த கண்ணாடிக்காரர் ஏதோ சொன்னார். மருமகள் நிற்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. மாமியாரின் கைப்பையை வாங்கி அவர் கையில் திணித்தாள். அதைத் தூக்கிக்கொண்டு, நாலடி தள்ளி, இருவருக்கும் பின்னாலேயே போனார்.